சக்கரம் இருக்கிற கீபோட்

கீபோட் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். "எத்தினை கட்டை?" "எத்தினை சவுண்ட் இருக்கு?" "யமஹாவோ, கசியோவோ?" "என்ன பாட்டு பதியப் போறாய்?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நாலு மாதம் தேடி, விசாரித்து, கடைசியில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிற இந்த நேரத்தில் எனக்கு விளங்குவது இதுதான்: அந்தக் கேட்கப்படாத கேள்விதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

என்னுடைய பதில் அம்மம்மாவின் பாட்டுகள். அவவுக்கு 81 வயது. உயிலங்குளத்தில் வயலோடு வளர்ந்தவ. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி வாய்க்காலில் வந்தால்தான் எங்கள் பக்கத்தில் விதைப்பு, அறுவடை எல்லாம். அந்த வயலில் அரிவி வெட்டும்போது பாடின பாட்டுகள் அவவிடம் இருக்கின்றன. தாலாட்டு இருக்கிறது. தவக்காலத்தில் பாடுகிற பசாம் இருக்கிறது. அவவின் தகப்பன் கூத்தில் ஆடினவர், அதனால் கூத்துப் பாட்டுத் துண்டுகளும் இருக்கின்றன. மாதோட்டத்துக் கூத்து எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு கூத்து மரபுகள் உண்டு. கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் கதைகளையும் அரசர்களின் கதைகளையும் இரவிரவாகப் பாடி ஆடுவார்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கூத்துகள் சிலவற்றைப் புத்தகமாகப் பதிப்பித்தார். அது பெரிய வேலை. அதனால் சொல் தப்பியது. ஆனால் புத்தகத்தில் மெட்டு இருக்காது. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் குரலை வழுக்கி இறக்க வேண்டும் என்பதெல்லாம் பாடுகிற ஆளின் தொண்டையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கசற் இருந்ததாம், அம்மம்மாவும் அவவின் தமக்கையும் சேர்ந்து பாடினது. இடம்பெயர்ந்தபோது அரிசி, பத்திரங்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் கசற்றைத் தூக்கவில்லை. யார் தூக்குவார்கள்? அந்தத் தமக்கை இப்போது உயிரோடு இல்லை. அம்மம்மாவுக்கும் இரண்டாம் மூன்றாம் அடிகள் மறக்கத் தொடங்கிவிட்டன.

போனில் பதிந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பதிந்திருக்கிறேன். ஆவணத்துக்கு அது போதும். ஆனால் அதை என் தம்பியின் வயதுப் பெடியளுக்கு அனுப்பினால் முப்பது செக்கனில் நிறுத்திவிடுவார்கள். குரலைத் தொடாமல், அதற்குக் கீழே மெல்லிசாக ஒரு இசையைப் போட்டு, கேட்கக்கூடிய பாட்டாக ஆக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குத்தான் கீபோட்.

இரண்டு சாமான், ஒரே பெயர்

ரொறன்ரோவில் இருக்கிற மாமா 120,000 ரூபா அனுப்பினார். ஒரு தரம்தான், இனிக் கேட்கேலாது. அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு திட்டம் இருந்தது. தம்பி கோயில் பாடகர் குழாமில் வாசிக்கிறவன். அவனுக்கு வேண்டியது ஓகன். கலியாண வீடு, பிறந்தநாள் விழா என்று கூப்பிடுவார்கள், கையில் காசும் வரும்.

"அக்கா, நீ சொல்லுற சாமானைக் கொண்டுபோய் கோயில்ல வச்சா சத்தமே வராது. அதுக்குப் பேர் கீபோட்டா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஏனென்றால் கடையில் கீபோட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள்.

ஒன்று நாங்கள் ஓகன் என்று சொல்லுவது. அதற்குள்ளேயே ஒலிகள் இருக்கும், தாளம் இருக்கும், ஸ்பீக்கர் இருக்கும். பிளக்கைச் சொருகினால் சத்தம் வரும். மற்றது கொன்ட்ரோலர். அதற்குள் ஒரு ஒலியும் இல்லை. கணினியில் யுஎஸ்பி வயரால் கொழுவ வேண்டும். நீங்கள் கட்டையை அமத்தும்போது அது கணினிக்கு ஒரு செய்தி அனுப்பும்: எந்தக் கட்டை, எவ்வளவு பலமாக அமத்தினது, எப்போது விட்டது. அவ்வளவுதான். அந்தச் செய்தியை வாங்கி வயலினாகவோ, புல்லாங்குழலாகவோ, மணியாகவோ ஒலிக்க வைப்பது கணினியில் இருக்கிற மென்பொருள்.

இந்தச் செய்தி மொழிக்குப் பெயர் மிடி. 1983 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்குவென்ஷல் கம்பனியின் கீபோட் ஒன்றையும் ரோலண்ட் கம்பனியின் கீபோட் ஒன்றையும் வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசிக்க மற்றது ஒலித்தது. போட்டிக் கம்பனிகள் சேர்ந்து ஒரே மொழியைப் பேச ஒத்துக்கொண்டது அப்போது பெரிய விசயம். நாற்பது வருடம் கடந்தும் நாங்கள் பாவிப்பது கிட்டத்தட்ட அதே மொழிதான்.

பதிவு செய்கிறவருக்கு மிடியில் என்ன லாபம்? ஓகனின் சத்தத்தை அப்படியே பதிந்தால், பிழை விட்ட இடத்தைத் திரும்ப வாசிக்கத்தான் வேண்டும். மிடியாகப் பதிந்தால் பிழையான அந்த ஒரு சுரத்தை மட்டும் மவுஸால் பிடித்து நகர்த்தலாம். புல்லாங்குழலில் வாசித்ததைப் பிறகு வீணையாக மாற்றலாம். சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கலாம். ஆகவே வீட்டுக் கணினியில் பதிகிறவருக்கு "எத்தினை சவுண்ட் இருக்கு?" என்ற கேள்வி பெரிதாகத் தேவையில்லை. ஒலிகள் கணினிக்குப் பிறகும் வரும், இலவசமாகவும் நிறைய வரும். கீபோட்டில் பார்க்க வேண்டியது பிறகு சேர்க்க முடியாதவற்றை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய ஓகன்களில் பலவற்றிலும் யுஎஸ்பி இருக்கிறது. அதைக் கணினியோடு இணைத்தால் அதுவும் கொன்ட்ரோலராக வேலை செய்யும். அதனால் இரண்டு தேவையும் உள்ள வீட்டுக்கு அது நல்ல வழி. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி, சதுரமான யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான துளை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பென்டிரைவ் கொழுவுவதற்கு.

சின்னச் சாமானால் என்ன செய்யலாம்

"இந்தக் காசுக்கு வாங்குற சாமானில என்னத்தைப் பதியிறது?" என்று யோசிக்கிறவர்களுக்கு இரண்டு பேரை ஞாபகப்படுத்துகிறேன். ஒருவர் எங்களுடைய ஆள், எம்.ஐ.ஏ. என்கிற மாயா. லண்டனில் இருந்தபோது, கடன் வாங்கின ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியில்தான் தன் முதல் பாட்டுகளைச் செய்தா. அதில் முழுக் கீபோட்டும் இல்லை, கட்டை மாதிரிச் சில பட்டன்கள்தான். அதிலிருந்து 'கலாங்' 2003 இலும் 'அருளர்' அல்பம் 2005 இலும் வந்தன. மற்றவர் ஏ.ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளவிலேயே 1989 இல் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். 'ரோஜா' வந்தது 1992 இல். அவரிடம் இருந்தது விலையுயர்ந்த சாமான்கள், எங்களோடு ஒப்பிடேலாது. ஆனால் வீட்டில் இருந்து, நேரம் எடுத்துப் பதிவது என்ற முறை இரண்டு பேருக்கும் பொது. மாயாவுக்குத் தேவைப்பட்டது தாளம், அதனால் அந்தப் பெட்டி அவவுக்குச் சரி. அதே பெட்டியை எனக்குத் தந்தால் அம்மம்மாவின் தாலாட்டுக்கு அது உதவாது.

கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்

கீபோட்டில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்தில் இருக்கிற கறுப்புக் கட்டைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மம்மா பாடுவதில் பாதி அந்த நடுவில்தான் இருக்கிறது. பசாம் கேட்டிருக்கிறீர்களா? ஒரு சுரத்தில் போய் நிற்க மாட்டார்கள், அதை நோக்கி வழுக்கிப் போவார்கள், தொட்டதும் கொஞ்சம் இறங்குவார்கள். அந்த இறக்கத்தில்தான் அழுகை இருக்கிறது.

இது புதிய பிரச்சினை இல்லை. ஆர்மோனியத்துக்கும் இதே குற்றச்சாட்டு இருந்தது. சுரத்தை வளைக்க முடியாது, கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்தே விலக்கியது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. அதே காலத்தில் தமிழ் நாடக மேடைகளில் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு இரவும் விடியவில்லை. தடை போட்டவர்கள் சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது. மேடைக்காரர்களின் தேவையிலும் உண்மை இருந்தது.

ஆர்மோனியத்துக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு இருக்கிறது: கீபோட்டின் இடது பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரம். பிச் பென்ட் என்று சொல்லுவார்கள். வலது கையால் கட்டையை அமத்திக்கொண்டு இடது கையால் சக்கரத்தைத் தள்ளினால் சுரம் மேலே வழுக்கும், இழுத்தால் கீழே வழுக்கும், விட்டால் நடுவுக்குத் திரும்பும். கட்டையின் அழுத்தத்துக்கு மிடியில் 127 படிகள்தான். சக்கரத்துக்கு 16,384 படிகள். அதனால்தான் வழுக்கல் படிப்படியாகக் கேட்காமல் வழவழப்பாகக் கேட்கும். வழக்கமாக அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வளைக்கும். மென்பொருளில் அதைக் கூட்டலாம், ஆனால் கூட்டக் கூட்டச் சின்ன அசைவைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். தொடங்குகிறவருக்கு இரண்டே போதும். சென்னையில் கீபோட் சத்யா என்று அறியப்படும் கே. சத்தியநாராயணன் கர்நாடக இசைக் கச்சேரியையே கீபோட்டில் செய்கிறார். அவருடைய இடது கையைக் கவனித்துப் பாருங்கள், விளங்கும்.

இதில் ஒரு குறை உண்டு. சக்கரத்தைத் திருப்பினால் அமத்தியிருக்கிற எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக வளைக்கிற கருவிகளும் இருக்கின்றன. ரஹ்மான் மேடையில் வாசிக்கிற கொன்டினியம் அப்படிப்பட்டது, கட்டையே இல்லாத ஒரு பலகை. அதன் விலையை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லேலாது. ஆனால் குரலைப் பின்தொடர எங்களுக்கு அது தேவையில்லை. குரல் எப்படியும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பாடும். வளைகிற மெட்டை ஒரு ட்ராக்கிலும் வளையாமல் நிற்கிற சுருதியை இன்னொரு ட்ராக்கிலும் பதிந்தால் சரி.

இனிக் கடைக்குப் போகிறவருக்கு முக்கியமான விசயம்: எல்லாக் கீபோட்டிலும் சக்கரம் இல்லை. யமஹா பிஎஸ்ஆர்-ஈ373 நல்ல ஓகன், 61 கட்டை, அழுத்தத்தை உணரும், யுஎஸ்பியும் உண்டு. ஆனால் சக்கரம் இல்லை. அதற்கு மேலே இருக்கிற ஈ473 இல் உண்டு. கசியோவிலும் அப்படித்தான்: சிடி-எக்ஸ்700 இல் இல்லை, 800 இல் உண்டு. எம்-ஓடியோ கீஸ்டேஷன் மாதிரிக் கொன்ட்ரோலர்களில் மலிவானதிலேயே சக்கரம் இருக்கும். அகாய் எம்பிகே மினி மாதிரிச் சின்னவற்றில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு தடி இருக்கும், அதுவும் வளைக்கும். படத்தைப் பெரிதாக்கி இடது மூலையைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அழுத்தம், எண்ணிக்கை, தாமதம்

இரண்டாவது பார்க்க வேண்டியது அழுத்தம். மெல்ல அமத்தினால் மெல்லவும், பலமாக அமத்தினால் பலமாகவும் ஒலிக்க வேண்டும். மிக மலிவான ஓகன்களில் இது இல்லை, பிஎஸ்ஆர்-எஃப்51 ஓர் உதாரணம். எப்படி அமத்தினாலும் ஒரே சத்தம். பழகுவதற்குப் பரவாயில்லை, தாலாட்டுக்குச் சரிவராது.

மூன்றாவதுதான் கட்டை எண்ணிக்கை. 25, 49, 61, 88 என்று வரும். 88 பியானோ படிக்கிறவருக்கு. 61 இரண்டு கையாலும் வாசிக்கிறவருக்கு, கோயிலுக்கும் அதுதான். 25 மேசையில் லப்டொப்புக்கு முன்னால் வைத்துத் தாளமும் துண்டு மெட்டும் போடுகிறவருக்கு. ஒரு கையால் மெட்டு வாசித்து மற்றக் கையைச் சக்கரத்தில் வைக்கிறவருக்கு 49 தாராளம். பாடுகிற குரல் இரண்டு ஸ்தாயியைத் தாண்டுவது அரிது, 49 கட்டையில் நாலு ஸ்தாயி இருக்கிறது.

நாலாவது கீபோட்டில் இல்லை, கணினியில் இருக்கிறது: தாமதம். கட்டையை அமத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் இருக்கிற நேரம். மென்பொருளில் பஃபர் என்று ஒரு இலக்கம் இருக்கும். அது 1024 ஆக இருந்தால் பஃபரால் மட்டும் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் பிந்தும். எட்டு மீற்றர் தள்ளி நிற்கிற மத்தளக்காரனைக் கேட்டு வாசிக்கிற மாதிரி. 256 ஆக்கினால் ஆறு மில்லிசெக்கனுக்கும் குறைவு, வாசிக்கலாம். லப்டொப் பழையதென்றால் 256 இல் சத்தம் கரகரக்கும், அப்போது 512 இல் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் பாவிக்கிறவர்கள் ஆசியோ டிரைவர் போட வேண்டும், இலவசமாக இருக்கிறது. புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள், அதன் தாமதத்தை எந்த இலக்கத்தாலும் சரிசெய்ய முடியாது. வயர் உள்ள ஹெட்போன்தான் வேண்டும்.

கனடாவிலிருந்து வரும் பெட்டி

மாமா முதலில் காசு அனுப்ப நினைக்கவில்லை. "நான் இங்க வாங்கி ஆரிட்டயும் குடுத்து விடுறன்" என்றுதான் சொன்னார். வெளிநாட்டு உறவுகள் உள்ள எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும், அதனால் சொல்லுகிறேன். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். எங்களுக்கு 230. அங்கே வாங்குகிற ஓகனின் அடப்டரில் உள்ளீடு 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை இங்கே சொருகக் கூடாது, எரிந்துவிடும். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். இங்கே வேறு அடப்டர் வாங்குவதானால் வோல்டேஜும் அம்பியரும் பொருந்த வேண்டும், முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்று காட்டுகிற சின்ன வட்டப் படமும் பொருந்த வேண்டும். யுஎஸ்பியில் ஓடுகிற கொன்ட்ரோலருக்கு இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை.

கரண்ட் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 2022 பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அப்படி இல்லைதான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் காற்றுக் காலத்தில் கரண்ட் போவது புதினமில்லை. லப்டொப்பில் பற்றரி இருக்கும் வரைக்கும் யுஎஸ்பி கீபோட் ஓடும். சொல்லப்போனால் கரண்ட் இல்லாத நேரம்தான் பதிவுக்கு நல்லது. ஃபான் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டு ரீவி இல்லை, தண்ணி மோட்டர் இல்லை.

அதே 2022 இல்தான் விலைகளும் மாறின. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. இசைக்கருவி எல்லாம் வெளியிலிருந்து வருவது. அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் பாவித்த சாமான்தான் வழி. பாவித்ததை வாங்கும்போது ஒரு சோதனை: லப்டொப்பையும் கொண்டு போங்கள். இலவச மென்பொருள் ஒன்றில் அழுத்த இலக்கம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டையையும் முதலில் மெல்ல, பிறகு பலமாக அமத்துங்கள். மெல்ல அமத்தும்போதே ஒரு கட்டை மட்டும் 127 காட்டினால், அல்லது ஒன்றுமே காட்டாவிட்டால், கீழே இருக்கிற றப்பர் தொடுகையில் தூசி. கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பிறகு சக்கரத்தைத் தள்ளிவிட்டு விடுங்கள். இலக்கம் சரியாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நீங்கள் வாசிப்பதெல்லாம் சுருதி விலகிக் கேட்கும், அதை வாங்காதீர்கள்.

காசைப் பிரித்த விதம்

நான் வாங்கினது பாவித்த 49 கட்டைக் கொன்ட்ரோலர், அழுத்தம் உணர்வது, சக்கரம் உள்ளது. 38,000 ரூபா. மிச்சத்தில் பெரும்பகுதி மைக்குக்கும், மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஓடியோ இன்டர்ஃபேஸுக்கும் போனது. ஹெட்போன் ஒன்றும் வாங்கினேன். கீபோட் வாங்கப் போய் மைக்குக்கு ஏன் இவ்வளவு என்று அம்மா கேட்டா. கீபோட்டில் பிழை விட்டால் நாளைக்கும் வாசிக்கலாம், பத்து வருடம் கழித்தும் வாசிக்கலாம். அந்தக் குரலை அப்படித் திரும்பப் பதிய முடியாது. அதனால் காசில் கூடின பங்கு குரலுக்கு.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. மறைக்கத் தேவையில்லை, மூன்று நாள் கதைக்கவில்லை. அவனுடைய கணக்கும் சரிதான். சக்கரம் உள்ள ஒரு நல்ல ஓகன் வாங்கியிருந்தால் பதிவும் நடந்திருக்கும், அவன் கலியாண வீட்டுக்கும் போயிருப்பான். ஆனால் மைக்குக்குக் காசு இருந்திருக்காது. ஒரு காசில் எல்லாம் செய்ய முடியாத வீட்டில் எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. அவன் இன்னும் கோயிலின் பழைய ஓகனில்தான் வாசிக்கிறான். அதில் மூன்று கட்டை வேலை செய்யாது, அந்த மூன்றையும் சுற்றிப் போக விரல்கள் பழகிவிட்டன.

பதிவு எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் குரல். மெட்ரோனோம் போடுவதில்லை, சுருதிப்பெட்டியும் போடுவதில்லை. போட்டால் அம்மம்மா பரீட்சை எழுதுகிற மாதிரி இறுகிப் போறா. அவ பாட்டுக்குப் பாடட்டும். பிறகு போனில் ஒரு ட்யூனர் அப்பை வைத்து எந்தச் சுருதி என்று பார்ப்பேன். முதல் தாலாட்டு நாலு கட்டைச் சுருதிக்கும் நாலரைக்கும் நடுவில் இருந்தது. அவவை நாலுக்கு இழுக்க மென்பொருளில் வழி இருக்கிறது. நான் செய்யவில்லை. ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து மென்பொருள் வாத்தியத்தின் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். அதை ஐம்பது ஏற்றி, வாத்தியத்தை அவவிடம் கொண்டுபோனேன். தாளமும் அப்படித்தான். அவ மூச்சு எடுக்கிற இடத்தில் வாத்தியமும் நிற்கும்.

பின்னணி வாசிக்கத் தம்பியைத்தான் கேட்டேன். எனக்கு விரல் அவ்வளவு ஓடாது. வேண்டாவெறுப்பாக வந்தவன், தாலாட்டின் இரண்டாவது அடியில் குரல் இறங்குகிற இடத்தைப் பத்துத் தரத்துக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு தரமும் சக்கரத்தை இழுத்துப் பார்த்தான். "அவ இறக்கேக்க முதல்ல கொஞ்சம் மேல போயிற்றுத்தான் இறங்குறா" என்றான். சிறுவயதிலிருந்து கேட்கிற பாட்டு. எனக்கு அது அதுவரை தெரியாது.

இதுவரை ஒன்பது பாட்டு பதிந்திருக்கிறோம். ஐந்து தாலாட்டு, இரண்டு அரிவி வெட்டுப் பாட்டு, ஒரு பசாம், ஒரு கூத்துத் துண்டு. அம்மம்மாவின் கணக்கில் இன்னும் முப்பதாவது இருக்கும். கூத்துத் துண்டில் நடுவில் இரண்டு வரி அவவுக்கு வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் யாராவது வட்டக்கண்டல் பக்கத்திலோ முருங்கன் பக்கத்திலோ இருந்தால் பாடித் தரட்டும் என்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால் கீபோட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போனில் பதிந்து, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கீபோட்டை ஆறுதலாகப் பார்த்து வாங்கலாம்.